உறைபனிக் காலத்தில் தெளிப்புப் பாசனக் குழாய்களைக் காப்பீர்

நீலகிரி மலையிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு, பூண்டு பயிரிடும் உழவர் பெருமக்களுக்கு உறைபனி புதிதல்ல. கார்த்திகை பிற்பாதியில் தொடங்கி மாசி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உறைபனி விழுந்து இலைகள் கருகுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தேயிலை நாற்றுகளையும் பூச்செடிகளையும் பெரணி, கோத்தகிரி மிலார் போன்ற தழைகளால் மூடிக் காப்பாற்றுகிறோம். ஆனால் அதே இரவில் வயலில் கிடக்கும் தெளிப்புக் குழாய்க்கும், ஓடையோரம் நிற்கும் பம்புக்கும் அதே ஆபத்து உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் மோட்டாரைப் போடும்போதுதான் பம்பின் உடலில் கீறல் விட்டிருப்பதும், வால்வு பிளந்து நீர் பீறிடுவதும் தெரிய வருகின்றன.

நீர்ப்போக உருளைக்கிழங்கு தை, மாசி மாதங்களில் நடப்படுகிறது. மழை இல்லாத அந்நாட்களில் முளைப்பும் வளர்ச்சியும் முழுக்க முழுக்கப் பாசன நீரை நம்பியே உள்ளன. பம்பு பழுதாகி மாற்று உதிரி பாகம் மலை ஏறி வரும் வரை காத்திருந்தால், விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் செலவிட்ட பணம் மண்ணிலேயே காய்ந்து போகும். இந்த இழப்பைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. மாலையில் அரை மணி நேர வேலையும், நீர் எவ்வாறு உறைகிறது என்ற தெளிவும் இருந்தால் போதும்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்குகிறது. அதற்கும் கீழே குளிரும்போது மெல்ல விரியத் தொடங்குகிறது. 0 டிகிரியில் பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கிறது. அதாவது 10 லிட்டர் நீர் உறைந்தால் சுமார் 10.9 லிட்டர் இடத்தை அடைக்கும். 75 மி.மீ. வெளிவிட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தெளிப்புக் குழாயில் சுமார் 22 லிட்டர் நீர் நிற்கும். அது முழுதும் உறைந்தால் இன்னும் 2 லிட்டருக்கு இடம் வேண்டும். இரு முனையும் அடைபட்ட குழாயில் அந்த இடம் எங்கிருந்து கிடைக்கும்?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குழாயில் உள்ள நீர் முழுதும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. மிகவும் குளிர்ந்த இடத்தில் முதலில் பனிக்கட்டி உண்டாகி, ஒரு கட்டை செருகியது போலக் குழாயை அடைத்துக்கொள்கிறது. அக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய வால்வுக்கும் இடையில் சிக்கிய நீர் நெருக்கப்படுகிறது. நீரை நெருக்கிச் சுருக்க முடியாது. எனவே அங்கு அழுத்தம் கடுமையாக ஏறி, குழாயின் பலவீனமான இடம் பிளக்கிறது. பல சமயங்களில் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் பிளவு இருக்காது. சற்றுத் தள்ளி, இணைப்பிலோ வளைவிலோ வால்விலோ இருக்கும். இரவில் பிளந்த இடம் உடனே ஒழுகுவதும் இல்லை. வெயில் ஏறி, அடைத்திருந்த கட்டி உருகிய பின்புதான் ஒழுகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. நீர் இல்லாத குழாய் உறைபனியால் வெடிப்பதில்லை. நீர் இருந்தாலும், அது விரிந்து செல்ல ஒரு பக்கம் திறந்திருந்தால் சேதம் பெரிதும் குறையும்.

எந்த இரவில் எச்சரிக்கை தேவை?

பகலில் மண்ணும் பாறையும் குழாயும் வெயிலை வாங்கிச் சூடேறுகின்றன. இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி இழக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வை போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். மேகமும் காற்றும் இல்லாத வறண்ட இரவில் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. அப்போது தரையை ஒட்டிய வெப்பநிலை, ஆள் உயரத்தில் உள்ள வெப்பநிலையை விட 3 அல்லது 4 டிகிரி குறைவாக இருப்பது வழக்கம். ஆகவே சுவரில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டினாலும், புல்மேல் கிடக்கும் குழாயில் நீர் உறையக் கூடும்.

மேலும், குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலைச்சரிவில் நம் வயல் மேலே இருக்கும். பம்பு ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும். எனவே தோட்டத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் பம்பு இருக்கும் இடம்தான். மேட்டு வயலில் பனி இல்லை என்று எண்ணிப் பம்பைக் கவனிக்காமல் விடுவது தவறு.

பின்வரும் அறிகுறிகள் மாலையில் சேர்ந்து காணப்பட்டால் அன்றிரவு உறைபனியை எதிர்பார்க்கலாம்:

1. வானத்தில் மேகமே இல்லாமை.
2. பொழுது சாயும்போது காற்று முற்றிலும் அடங்குதல்.
3. பகலில் காற்று வறண்டிருத்தல்.
4. பொழுது சாய்ந்ததும் குளிர் விரைவாக ஏறுதல்.
5. முந்தைய நாள் காலையிலும் பள்ளப் பகுதியில் வெண்பனி படிந்திருத்தல்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. பம்பின் அருகில் சிறிது வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஓர் உலோகத் தட்டில் அரை அங்குல உயரம் நீர் ஊற்றி வையுங்கள். மெல்லிய படலமாக உள்ள இந்த நீர், குழாயில் உள்ள நீருக்கு முன்பாகவே உறையும். இரவு 9 அல்லது 10 மணிக்கே தட்டில் ஆடை போலப் பனி கட்டத் தொடங்கினால், குழாயை வடிக்காதவர்கள் உடனே வடித்துவிட வேண்டும்.

எந்தப் பகுதிகள் முதலில் சேதமாகும்?

பம்பின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். ஆகவே முதல் கவனம் பம்புக்கே. அடுத்து கேட் வால்வு, பால் வால்வு, திரும்பா வால்வு, வடிகட்டி, அழுத்தமானி ஆகியவை. அழுத்தமானியின் உள்ளே உள்ள மெல்லிய குழல் சிறு துளி நீர் உறைந்தாலும் கெட்டுவிடும்.

குழாய்களில் பி.வி.சி. குழாய் குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது. அதில் நீர் உறைந்தாலும் கெடுதல். குளிர்ந்த காலையில் அதைத் தட்டினாலும் போட்டாலும் கெடுதல். ஜி.ஐ. குழாய் மரை வெட்டிய இடங்களிலும் வளைவுகளிலும் பிளக்கும். அலுமினியக் குழாய் உப்பி, அதன் பிறகு பிளக்கும். எச்.டி.பி.இ. எனப்படும் கறுப்புக் குழாய் ஓரளவு விரிந்து கொடுப்பதால் எளிதில் வெடிப்பதில்லை. ஆனால் அதன் இணைப்புகளும் கொக்கிகளும் தெளிப்பான் தலைகளும் அவ்வாறு தாங்குவதில்லை. எனவே கறுப்புக் குழாய் வைத்திருப்பவர்களும் கவலையின்றி இருந்துவிட முடியாது.

நீரை வடிப்பதே முதல் பாதுகாப்பு

பனிக்காலம் முழுவதும், மாலைப் பாசனம் முடிந்ததும் குழாய் அமைப்பை வடித்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கார்த்திகை மாதத்திலேயே ஒரு சிறு மாற்றம் செய்துகொள்வது நல்லது.

பம்பிலிருந்து மேட்டுக்குச் செல்லும் டெலிவரி குழாயில் திரும்பா வால்வு இருந்தால், பம்பை நிறுத்திய பின்பும் மேலே உள்ள நீர் முழுதும் அந்த வால்வின்மேல் நின்றுகொண்டிருக்கும். எனவே அந்த வால்வுக்குச் சற்று மேலே ஒரு டீ இணைப்பு வைத்து, அதில் 1 அங்குல கேட் வால்வு பொருத்துங்கள். இதுவே வடிகால் வால்வு. இதைத் திறந்தால் சரிவில் உள்ள நீர் தானாக இறங்கி வெளியேறும். 10 மீட்டர் உயரமுள்ள நீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் 1 கிலோகிராம் அழுத்தம் தரும். ஆகையால் வடிகால் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அதன் நேர் எதிரில் நிற்கக் கூடாது.

வடிக்கும் முறை வருமாறு:

1. மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.
2. வயலின் மேட்டு முனையில் உள்ள முனைமூடியைக் கழற்றுங்கள். காற்று உள்ளே புகுந்தால்தான் நீர் முழுதும் வெளியேறும்.
3. கீழே வடிகால் வால்வைத் திறந்து, நீர் நின்று காற்று வரும் வரை விட்டுவையுங்கள்.
4. வயலில் பரப்பியுள்ள கிளைக் குழாய்களின் தாழ்ந்த முனையைத் திறந்து விடுங்கள். தொய்ந்து கிடக்கும் குழாயின் நடுவில் நீர் தேங்கும். அந்த இடத்தில் கொக்கியைக் கழற்றிக் குழாயைத் தூக்கிச் சாய்த்து வடியுங்கள்.
5. வடிகட்டியின் அடித் திருகைக் கழற்றுங்கள். அழுத்தமானியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு சென்றுவிடுங்கள்.
6. பம்பின் உடலில் அடிப்புறம் உள்ள திருகையும், மேல்புறம் நீர் ஊற்றும் திருகையும் கழற்றி நீரை வடியுங்கள். கழற்றிய திருகுகளை ஒரு துணிப்பையில் போட்டுப் பம்பிலேயே கட்டி வைத்தால் காலையில் தேட வேண்டியதில்லை.
7. கேட் வால்வுகளைத் திறந்தே வையுங்கள். பால் வால்வை முழுதும் மூடினாலும் முழுதும் திறந்தாலும் உள்ளே உருண்டையைச் சுற்றிச் சிறிது நீர் சிக்கிக்கொள்ளும். எனவே அதைப் பாதி திறந்த நிலையில் விடுவதே சரி.

பம்பை வடித்தாலும், புட்வால்வு பிடித்து நிறுத்துவதால் உறிஞ்சு குழாயில் நீர் நிற்கும். கிணற்றுக்குள் இறங்கும் பகுதிக்கு ஆபத்து குறைவு. ஓடையோரத்தில் வெளியே தெரியும் பகுதிக்குத்தான் ஆபத்து. புட்வால்வின் இதழைத் தூக்கிவிடும் வகையில் கம்பியோ கயிறோ கட்டியிருந்தால் அதை இழுத்து நீரை இறக்கிவிடலாம். இடம்விட்டு இடம் கொண்டு செல்லும் சிறிய என்ஜின் பம்பாக இருந்தால், ஹோஸ் குழாயைத் தூக்கி வடித்துவிட்டு, பம்பை வீட்டுக்கோ கொட்டகைக்கோ எடுத்துச் சென்றுவிடுவதே மேல். நீரால் குளிர்விக்கும் டீசல் என்ஜினாக இருந்தால் அந்த நீரையும் மறவாமல் வடிக்க வேண்டும்.

காலையில் பம்புக்கு மீண்டும் நீர் ஊற்றியே ஓட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு குடம் நீரை மாலையிலேயே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

புதைத்தலும் போர்த்தலும்

நிரந்தரமாகக் கிடக்கும் மெயின் குழாயைப் புதைத்துவிடுவது நல்ல முறை. கனடா போன்ற குளிர் நாடுகளில் மண்ணே பல அடி ஆழத்துக்கு உறைந்து போவதால் குழாய்களை ஆள் ஆழத்துக்குக் கூடப் புதைக்கிறார்கள். நம் மலைகளில் அவ்வளவு தேவையில்லை. பகலில் வெயில் அடிப்பதால் உறைபனி மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஒன்றரை அடி ஆழம் நமக்குப் போதுமானது. மண்வெட்டியும் கலப்பையும் படாமலும் இருக்கும். மண்ணுக்கு வெளியே தலைநீட்டும் நிற்குழாய்களும் வால்வுகளும் மட்டுமே பிறகு கவனிக்க வேண்டியவை.

வெளியே உள்ள பகுதிகளுக்கு வைக்கோல் புரி சுற்றி, அதன்மேல் சாக்கு கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே பாலிதீன் தாள் சுற்றி நனையாமல் காக்கலாம். இதில் தாள் மிக முக்கியம். நனைந்த சாக்கு வெப்பத்தைத் தடுக்காது. சுற்றாததை விடக் குளிரைக் கூடுதலாக உண்டாக்கும். மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. நிறைய நீர் கொண்ட பெரிய குழாயில் அது ஓர் இரவைத் தாங்கும். அரை அங்குலக் குழாயில் விடியற்காலைக்கு முன்பே தோற்றுவிடும். எனவே போர்த்துவது வடிப்பதற்குத் துணையே அன்றி, மாற்று அன்று.

வீட்டுக் குடிநீர்க் குழாய் போல வடிக்க இயலாதவற்றில், கடைசிக் குழாயைச் சிறிது திறந்து நூல் போல நீர் ஒழுக விடலாம். ஒழுகும் நீர் தொட்டியிலிருந்து சற்று வெப்பமான நீரைக் கொண்டு வருவதோடு, அழுத்தம் ஏறுவதற்கும் இடம் தராது.

குழாய் நீரில் உப்பைக் கலந்தால் உறையாது என்று சிலர் எண்ணலாம். உப்பு உறைநிலையைக் குறைப்பது உண்மையே. ஆனால் அது இரும்பை அரித்து, மண்ணையும் பயிரையும் கெடுக்கும். வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்தது. அது மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சு. பாசனக் குழாயில் இவை இரண்டையும் ஊற்றவே கூடாது.

பயிரைக் காக்க இரவில் நீர் தெளிப்பவர்களுக்கு

தெளிப்பானைக் கொண்டே பயிரை உறைபனியிலிருந்து காக்கும் முறையும் உள்ளது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இலைமேல் தொடர்ந்து நீர் விழுந்து உறைந்துகொண்டே இருந்தால் இலையின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், இலை கருகாது. ஆனால் தெளிப்பதை இடையில் நிறுத்தினால் நீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிராம் ஆவியாவதற்குச் சுமார் 600 கலோரி இலையிலிருந்து உறிஞ்சப்படுகிறது. அரைகுறையாகத் தெளிப்பது தெளிக்காததை விடக் கேடு என்பது இதனால் விளங்கும்.

காற்றில்லாத இரவில் இதற்கு மணிக்கு 2.5 மி.மீ. அளவாவது நீர் வேண்டும். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். ஆகவே மணிக்கு 10,000 லிட்டரும், 8 மணி நேரத்துக்கு 80,000 லிட்டரும் தேவைப்படும். இவ்வளவு நீரும் தடையற்ற மின்சாரமும் இல்லாதவர்கள் இம்முறையில் இறங்கக் கூடாது. நீர் பாதிதான் உண்டு என்றால், பாதிப் பரப்பை முழுமையாகக் காப்பதே அறிவுடைமை.

இவ்வாறு தெளிக்கும்போது குழாயை வடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஓடும் நீரே குழாயைக் காக்கிறது. வெப்பநிலை 0 டிகிரியைத் தொடுமுன் தொடங்கி, காலையில் இலைமேல் உள்ள பனிக்கட்டி உருகி உதிரும் வரை நிறுத்தக் கூடாது. தெளிப்பான் தலை ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், காத்திருக்காமல் உடனே வடிகாலைத் திறந்துவிடுங்கள்.

நீர் குறைவாக உள்ளவர்கள் பகலிலேயே பாசனம் செய்து முடித்துவிடலாம். ஈரமான மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைத்து இரவில் வெளிவிடும். மாலையில் குழாயையும் வடித்துவிடலாம். சிறு உழவர்களுக்கு இதுவே ஏற்ற முறை.

தீயணைப்புக் குழாய்கள் தரும் பாடம்

குளிர் நாடுகளில் கிடங்குகளின் கூரையில் தீயணைப்புத் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருக்கும். கட்டடத்துக்குள் 4 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருக்கும் என்று உறுதி இருந்தால் மட்டுமே அக்குழாய்களில் நீரை நிரப்பி வைக்கிறார்கள். அவ்வாறு இல்லாத இடங்களில் உலர் குழாய் முறையைக் கையாளுகிறார்கள். குழாயில் நீருக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்று இருக்கும். நீர், வெப்பமான ஓர் அறையில் உள்ள வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும். தீயின் சூட்டில் தெளிப்பான் திறந்ததும் காற்று வெளியேறி, வால்வு திறந்து நீர் பாய்கிறது. அக்குழாய்களும் சரிவாகவே அமைக்கப்பட்டு, தாழ்ந்த இடங்களில் வடிகால் வைக்கப்படுகின்றன. நாம் வயலில் செய்வதும் இதே தத்துவம்தான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலையிலோ கிடங்கிலோ உள்ள தீயணைப்புக் குழாயைப் பனிக்குப் பயந்து நாமாக வடித்துவிடக் கூடாது. தீ எந்த நேரமும் வரலாம். அங்கே கதவு, சன்னல்களை இரவில் மூடி உள்வெப்பத்தைக் காப்பதும், வெளியே செல்லும் குழாய்களைப் போர்த்துவதும், மாற்றம் தேவையென்றால் அத்துறை வல்லுநரைக் கொண்டு செய்வதுமே முறை.

உறைந்துவிட்டால் என்ன செய்வது?

காலையில் குழாயோ பம்போ உறைந்திருக்கக் கண்டால் மோட்டாரைப் போடாதீர்கள். பம்பின் சக்கரம் பனிக்கட்டியில் சிக்கியிருந்தால் மோட்டாரின் சுருள் எரிந்துவிடும். முதலில் முனைமூடிகளையும் வால்வுகளையும் திறந்து, உருகும் நீர் வெளியேற வழி செய்யுங்கள். பிறகு வெயில் ஏறும் வரை பொறுத்திருங்கள். அவசரமானால் திறந்த முனையிலிருந்து தொடங்கி வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம். கொதிநீர் ஊற்றினால் வார்ப்பிரும்பும் பி.வி.சி.யும் வெடிக்கும். தீப்பந்தம் காட்டுவது அதைவிடக் கேடு.

பனி உருகிய பின், மெயின் சுவிட்ச் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பம்பின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் திருகுகளைப் பொருத்தி நீர் ஊற்றி, டெலிவரி வால்வைச் சிறிதளவே திறந்து ஓட்டுங்கள். ஒவ்வோர் இணைப்பாக ஒழுக்கு உள்ளதா என்று பார்த்த பிறகே முழு அழுத்தம் கொடுக்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவது போல, பனி வருமுன் வடிகால் வால்வைப் பொருத்திவிடுங்கள். தை மாதத்துக் காலையில் தெளிப்பான் தடையின்றிச் சுற்றுவது, முந்தைய மாலையில் நாம் செலவிடும் அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்தே உள்ளது.